நேரே வீட்டுக்கு வந்தோம்

நேற்று மாலை அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்துக் குளிருடுப்புகளை வெளியே எடுத்தார். தொப்பி, கழுத்துச் சால்வை, அப்பாவின் தடித்த காலுறைகள். எல்லாவற்றுக்கும் அடியில் என் சாம்பல் நிறக் கையுறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. அம்மா விரித்துப் பார்த்தார். இடது கையுறையில், பெருவிரலுக்குக் கீழே, ஊதா நிறக் கறை அப்படியே இருந்தது.

"ரெண்டு தரம் தோய்ச்சும் போகேல்லை. எறிஞ்சுபோட்டு வேற வாங்குவமே?"

வேண்டாம் என்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு பழையபடி சுருட்டி, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கூடையில் வைத்தார்.

அது உன்னுடைய ஐஸ்கிறீம். ஜனவரி மாதத்தில், மூக்கு நுனி இருப்பதே தெரியாத குளிரில், தெருவில் நின்று ஐஸ்கிறீம் சாப்பிட்டவர்கள் ரொறன்ரோவில் எங்கள் வோபர்ன் பகுதி முழுவதிலும் நாம் இருவராகத்தான் இருப்போம். இந்தக் குளிரில் உருகாது, ஆறுதலாகச் சாப்பிடலாம் என்பது உன் கண்டுபிடிப்பு. உருகத்தான் செய்தது. என் கையுறையில் வழிந்தது.

உனக்கு இந்த மடலை வாசிக்கத் தெரியாது. முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதிப் பார்த்தேன். முன்னுரை, மூன்று உதாரணம், முடிவுரை என்று பள்ளிக்கூடக் கட்டுரையாகவே வந்தது. ஆசிரியர் நல்ல புள்ளிகூடப் போட்டிருப்பார். அதை மூடி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைக்கவேண்டும். இப்போது எனக்கு அந்த வேகம் போதும். நீ ஆங்கிலத்தில் சொன்னவற்றையெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். ஆகவே இதில் நீ யாழ்ப்பாணத்துப் பிள்ளை மாதிரிக் கதைப்பாய். தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில், எல்லோரும் தங்கள் தங்கள் கூட்டத்தைச் சேர்த்து முடித்த பிறகு, நீ பிலிப்பைன்சிலிருந்து வந்து சேர்ந்தாய். மதிய இடைவேளையில் பள்ளி நூலகத்தில் என் முன்னால் வந்து இருந்தாய். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நீ யன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கழித்து, உதடுகளைக் குவித்து வீதிப் பக்கம் நீட்டினாய். முத்தம் கொடுக்கிறாயோ என்று நான் பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, உங்கள் ஊரில் எல்லோரும் விரலுக்குப் பதிலாக உதட்டால்தான் திசை காட்டுவார்கள் என்று.

"அந்த பஸ் எங்க போய் முடியுது?"

நான் பிறந்ததிலிருந்து அந்த வீதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அந்த பஸ்ஸில்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் ஏறும் தரிப்பிடமும் இறங்கும் தரிப்பிடமும் தெரியும். அதற்கப்பால் அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். பள்ளி விட்டதும் போய்ப் பார்ப்போம் என்றாய், பக்கத்துக் கடைக்குப் போவதுபோல.

அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். கடைசித் தரிப்பில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டார். தெரியாது, அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, இருட்ட முன்னம் வா என்றார்.

கடைசித் தரிப்பில் ஒரு உடுப்புத் தோய்க்கும் கடை இருந்தது. ஒரு முடிவெட்டும் கடை. அதற்குப் பக்கத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடை. சாரதி பஸ்ஸை நிற்பாட்டிவிட்டுத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுதானா என்று எனக்குப்பட்டது. நீ மீன்கடைக்குள் போய், ஒவ்வொரு கண்ணாடித் தொட்டியாக முகத்தை வைத்துப் பார்த்தாய். நான் தொட்டிகளில் ஒட்டியிருந்த மீன்களின் பெயர்களை வாசித்தேன். வெளியே வந்தபோது உன் மூக்கில் கண்ணாடியின் ஈரம் இருந்தது. "நல்ல இடம்" என்றாய். அப்படி நீ சொன்னதும்தான் அது ஒரு இடமானது.

காரணமில்லாமல் வெளியே போய்ச் சுற்றி வருவதற்கு உங்கள் மொழியில் ஒரு சொல் இருந்தது. கலா. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு கலா அன்ரிமார் இருக்கிறார்கள் என்றேன். "அவையளும் நல்லா ஊர் சுத்துவினமோ?" என்று கேட்டாய். எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் கோயில், கலியாணவீடு, செத்தவீடு, அஜக்ஸ் நகரில் மாமா வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அனேகமாக மடியில் ஒரு பலகாரப் பெட்டியும் இருக்கும். சும்மா வெளிக்கிடுகிறோம் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கோ வருத்தம், ஆசுப்பத்திரிக்குப் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

நாங்கள் வெளியே திரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. உன் வீடு ஒரு அப்பார்ட்மென்ற். அதில் நீயும் உன் அம்மாவும், சித்தி குடும்பமும் இருந்தீர்கள். நீ வரவேற்பறைச் சோபாவில் படுப்பாய். அங்கே இருக்க இடமில்லை. எங்கள் வீடு, வேறொருவர் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற். அப்பாவுக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. அங்கே கதைக்க முடியாது. நானும் அம்மாவும் பகலில் கிசுகிசுத்தே பழகியிருந்தோம். ஆகவே நாம் கதைக்க வேண்டுமென்றால் ரொறன்ரோதான் இருந்தது.

பழைய உடுப்புக் கடையில் கலியாண உடுப்பின் மேல் தொப்பி போட்டுப் பார்த்தாய். சீனக் கடையில் உயிரோடு இருக்கும் நண்டுகளுக்குப் பெயர் வைத்தாய். திறந்த வெளியிலிருந்த பனிச்சறுக்குத் திடலில், சறுக்குச் சப்பாத்து வாடகைக்கு எடுக்காமல், கம்பி வேலியில் தொங்கியபடி மற்றவர்கள் விழுவதைப் பார்த்தோம். அது உனக்குப் போதும். நான் எங்கே போனாலும் அங்கே நட்டிருக்கும் அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசிப்பேன். நீ பக்கத்தில் நின்று எதையாவது சப்பிக்கொண்டிருப்பாய். "முடிஞ்சுதோ? நானும் ஒருக்கா அந்த ஏரியைப் பாக்கலாமோ?" என்பாய். ஏரிக்கரையிலுள்ள ஸ்காபரோ ப்ளஃப்ஸில் அந்த வெள்ளை மண்மலை எத்தனை ஆயிரம் வருடத்தில் உண்டானது என்று நான் பலகையில் வாசித்து உனக்கு விளங்கப்படுத்தினேன். நீ தண்ணீருக்குக் கிட்டப் போய்க் கையை நனைத்து நக்கிப் பார்த்தாய். உப்பில்லை என்று மிகவும் ஏமாந்துபோனாய். இவ்வளவு பெரிதாக இருந்துகொண்டு கடலாக இல்லாமல் இருப்பது ஏமாற்று வேலை என்றாய்.

எங்கே போனாலும் நீ வெறுங்கையோடு திரும்பமாட்டாய். வெளியே போனவர் வீட்டில் இருந்தவர்களுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும், அதற்கு உங்கள் ஊரில் பசலுபோங் என்று பெயர். தூர தேசத்திலிருந்து வந்தால் மட்டுமல்ல, தெருமுனைக்குப் போய் வந்தாலும்தான். நாங்கள் இருந்து கதைத்த கடைகளிலிருந்து சிறிய சீனிப் பைகளைக் கொண்டுபோவாய். ஏரிக்கரையிலிருந்து கல். பனிச்சறுக்குத் திடலிலிருந்து கொண்டுபோக ஒன்றுமில்லாதபோது, விழுந்த ஆட்களின் கதைகளைக் கொண்டுபோய் நடித்துக் காட்டியதாகச் சொன்னாய். எனக்கும் பழக்கிவிட்டாய். ஒருநாள் உங்கள் ஊர்க்காரரின் பேக்கரி ஒன்றில் ஊதா நிறத்தில் உள்ளீடு வைத்த பணிஸ் ஒன்றை வாங்கி என் கையில் வைத்து, இது உன் அம்மாவுக்கு என்றாய்.

அம்மா அதைப் பிய்த்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இவ்வளவு கலர் போட்டதைத் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும் என்றார். பிறகு மணந்து பார்த்தார். ஒரு துண்டு வாயில் போட்டார். அப்படியே நின்றார்.

"இது இராசவள்ளிக்கிழங்கெல்லோ."

அந்தக் கிழங்குக்கு உங்கள் மொழியில் ஊபே என்று பெயர். நான் அதுவரை அதைச் சாப்பிட்டதே இல்லை. அம்மா வீட்டில் காய்ச்சும்போதெல்லாம் நிறத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறேன். அடுத்த நாளே அம்மா தமிழ்க் கடையிலிருந்து உறையவைத்த கிழங்குப் பைக்கற் வாங்கிவந்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சி, ஒரு தயிர் டப்பாவில் உனக்கு ஊற்றித் தந்தார். டப்பா திரும்பி வந்தபோது அதற்குள் உன் அம்மா பொரித்த வாழைப்பழச் சுருள்கள் இருந்தன. அம்மாவும் வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். உன் அம்மாவும் கொடுக்கமாட்டார். அந்த ஒரு டப்பா இரண்டு வீட்டுக்கும் இடையே திரிந்துகொண்டே இருந்தது. அவர்கள் இருவரும் அதுவரை ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

டப்பா வாங்க நீ எங்கள் பக்கக் கதவுக்கு வருவாய். அது நேரே பேஸ்மென்ற் படிகளுக்குத் திறக்கும். நீ வாசலுக்கு வெளியே பனிக்குள் நிற்பாய். நான் உள்ளே நிற்பேன். நாங்கள் கிசுகிசுப்போம். கீழேயிருந்து அம்மா அதைவிடச் சத்தமாகக் கிசுகிசுப்பார்.

"கதவைச் சாத்து பிள்ளை. தெருவுக்கும் சேர்த்தோ நாங்கள் ஹீற் போடுறம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கதவு திறந்ததும், தெருவைத் திரும்பிப் பார்த்து, இப்ப சுகமா இருக்கோ என்று தெருவிடம் கேட்பாய். அம்மா உன்னை உள்ளே வரச்சொன்னதும் உண்டு. நீ உதட்டைக் குவித்து அப்பா படுத்திருக்கும் அறைப் பக்கம் காட்டுவாய். உன்னால் கிசுகிசுத்துச் சிரிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். "உன்ர அப்பாவுக்குப் பகல் வேலை கிடைக்கட்டும். வந்து இருந்து சாப்பிடுறன்" என்றாய். வாசல்படியைத் தாண்டி நீ ஒருநாளும் வரவில்லை.

அப்பாவுக்கும் நீ ஒரு பசலுபோங் கொண்டுவந்தாய். தெருவில் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் ஏறவேண்டும் என்ற உன் ஆசைக்காக நாம் நகரத்துக்குப் போன நாள் அது. அகதியாக வந்த புதிதில் அப்பா சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டிடத்தில் இருந்தார் என்று நான் சொல்லியிருந்தேன். நீ என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய், அண்ணாந்து நின்று, ஒரு கட்டிடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். அப்பா எழும்பியதும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உது நான் இருந்த கட்டிடம் இல்லை, பக்கத்துக் கட்டிடம் என்றார். பிறகு, ஆனால் உந்த மூலையில் தெரியிற பல்கனி எங்கட கட்டிடத்தின்ரதான், அனுப்பிவிடு என்றார். அவருடைய போனில் அது இன்னும் இருக்கிறது. முழுக்கவும் வேறு கட்டிடம், ஓரத்தில் ஒரு துண்டு அவருடையது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மோலில் திரிந்துகொண்டிருந்தபோது, உன் அம்மா வந்து நம்மைக் காரில் ஏற்றினார். உங்கள் கட்டிடத்தில் இருந்த வயதான பெண் ஒருவர் இறந்துவிட்டார், பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்றார். நான் கையில் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தோடு ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சீட்டு விளையாடினார்கள். எங்கள் செத்தவீட்டில் தண்ணீர் குடிக்கவே யோசிப்போம் என்று உன் காதில் சொன்னேன். திரும்பும்போது உன் அம்மா வீட்டுக்குப் போகும் பாதையில் திரும்பாமல் ஒரு டோனட் கடை வாசலில் காரை நிற்பாட்டினார். செத்தவீட்டிலிருந்து வந்த மற்றக் கார்களும் அங்கே நின்றன.

இதற்குப் பெயர் பக்பக் என்று நீ விளங்கப்படுத்தினாய். உதறுவது என்று அர்த்தம். செத்தவரைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. அவர் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் எங்காவது இறங்கி ஏறினால் அவருக்கு வழி தவறிவிடும். நான் இதைக் கவனமாக யோசித்தேன். அப்படியென்றால் எல்லோரும் இந்தக் கடையிலேயே உதறிவிட்டுப் போனால், எல்லா ஆவிகளும் இங்கேதானே நிற்கும் என்று கேட்டேன்.

"அதுதானே இஞ்ச எப்பவும் இவ்வளவு பெரிய லைன்" என்றாய்.

நான் கோப்பியை மேசையில் துப்பிவிட்டேன். உன் அம்மா எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ சொன்னார். செத்தவர் நல்ல மனிசி, அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும் என்று சொன்னதாக நீ மொழிபெயர்த்தாய். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அம்மா என்னைக் குளிக்காமல் உள்ளே வந்ததற்காக ஏசினார். செத்தவீட்டால் வந்தால் நேரே வீட்டுக்கு வரவேண்டும், ஒருவருடைய வாசலும் மிதிக்கக்கூடாது, தலையோடு குளித்துவிட்டுத்தான் எதையும் தொடலாம். கடையில் இருந்து டோனட் தின்றுவிட்டு வருவதாம்.

அதன்பிறகு வந்த மார்ச் விடுமுறைக்கு முந்திய கிழமை, நீ பள்ளிக்கு வரவில்லை. முதல்நாள் தலையிடி என்று சொல்லியிருந்தாய். நான் உனக்கு ஒரு பஸ் இலக்கத்தை அனுப்பி, இது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. தலைக்குள் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது என்று பிறகு சொன்னார்கள். பிறந்ததிலிருந்தே அது அங்கே மெல்லியதாக இருந்திருக்கும், யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றார்கள். நான் நூலகத்துக்குப் போய் அதைப் பற்றி வாசித்தேன். அவர்கள் சொன்னது சரிதான்.

நான் அழவில்லை. இதை உனக்குச் சொல்லவேண்டும். பல் பிடுங்க விறைப்பு ஊசி போட்டபின், கன்னத்தை அழுத்தினால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. பள்ளியில் ஒரு ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு, கடதாசிக் குவளையில் தண்ணீர் தந்து, என்ன உணர்கிறாய் என்று கேட்டார். அவர் மேசையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மீன்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கிழமை விஞ்ஞானப் பரீட்சையில் எனக்கு முழுப் புள்ளிகள்.

உன்னைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்தார்கள். அப்பா நித்திரையைக் குழப்பி எழும்பி, கலியாணவீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். உனக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். முகத்துக்குப் பூசியிருந்தார்கள். உதடு அசையாமல், ஒரு திசையையும் காட்டாமல் இருந்தது. நான் பக்கத்தில் நின்ற பூவளையத்தில் தொங்கிய அட்டையை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். முடிஞ்சுதோ என்று யாரும் கேட்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன்.

அம்மா உன் அம்மாவின் பக்கத்தில் போய் இருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அம்மா பையிலிருந்து அந்தத் தயிர் டப்பாவை எடுத்து உன் அம்மாவின் மடியில் வைத்தார். கடைசியாக அது எங்கள் வீட்டில்தான் நின்றிருந்தது. செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கமில்லாத அம்மா, விடியவே எழும்பி இராசவள்ளிக்கிழங்கு காய்ச்சியிருந்தார். உன் அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். திரும்ப மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நாங்கள் எழும்பியபோது உன் அம்மா வழியனுப்ப வரவில்லை. செத்தவீட்டுக்காரர் வந்தவர்களை வழியனுப்பக்கூடாது என்பது உங்கள் வழக்கம். போய்விட்டு வருகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம்.

கார் தரிப்பிடத்தில் உன் சித்தி நின்று, எந்தக் காரில் யார் டோனட் கடைக்குப் போவது என்று பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்களையும் வரச்சொன்னார். பக்கத்தில்தான், ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் மறுப்பு இருந்தது. அதை உன் சித்திக்கு எப்படிச் சொல்வது என்ற கவலையும் இருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நாங்கள் நேரா வீட்டை போறம், அன்ரி."

எனக்கு பக்பக் தெரியும் என்பது உன் சித்திக்குத் தெரியும். முன்பு டோனட் கடைக்குப் போன அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, மற்றக் கார்களைப் புறப்படச் சொன்னார்.

காரில் நான் பின்னால் ஒரு கரையாக இருந்தேன். வழக்கமாகப் பக்கத்து இருக்கையில் வைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் அப்பா பெற்றோல் அடிக்கவேண்டும் என்றார். நாளைக்கு அடிக்கலாம் அப்பா, நிற்பாட்டவேண்டாம் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நிற்பாட்டவில்லை. நாங்கள் நேரே வந்தோம் என்பதில் அம்மாவுக்கு ஒரு ஆறுதல். வெளிக்கிட முன்னமே துவாய்களைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சின்னப் பிள்ளை முதலில் குளிக்கட்டும் என்றார்.

பக்கக் கதவைத் திறந்து அம்மாவும் அப்பாவும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன், நீ வழக்கமாக நிற்கும் இடத்தில். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் நிக்கிறாய்? வா, வந்து குளி."

நான் குளிக்கவில்லை என்றேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். பக்பக் பற்றி முன்பே சொன்னதுதான், திரும்பவும் சொன்னேன். வழியில் இறங்கினால் வழி தவறிவிடும் என்பதால்தான் நேரே வந்தேன், இப்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்றேன். ஒரு பாடத்தை ஒப்புவிப்பதுபோல, குரல் நடுங்காமல், முழு வசனங்களாகச் சொன்னேன். அதை நம்புகிறேனா என்று அம்மா கேட்கவில்லை.

அம்மா இரண்டு படி மேலே ஏறி வந்தார். வாசலைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை ஒருக்காலும் உள்ள வரேல்லை, என்ன?"

"இல்லை."

அம்மா கதவை முழுவதுமாகத் திறந்தார். சுவரோடு சாய்த்துக் கையால் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே வந்தேன். அம்மா கதவைச் சாத்தவில்லை. காற்று பனியை அள்ளி வாசல் கால்மிதியில் போட்டது. கீழே படிகள்வரை பனித்தூள் பறந்தது. ஹீற்றர் உறுமிக்கொண்டு வேலைசெய்யத் தொடங்கியது. கதவு திறந்து கிடக்கிறது என்று அப்பா கீழேயிருந்து சொன்னார்.

"கிடக்கட்டும்" என்றார் அம்மா. கிசுகிசுக்காமல், சாதாரணக் குரலில்.

அவர் தோளில் பனி விழுந்து, கரையாமல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கரைந்தது. ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றவர்களுடையதோடு வரிசையாக வைத்து, படியிறங்கப் போதுமான நேரம் அப்படியே நின்றார். அதன்பிறகுதான் கதவைச் சாத்தினார்.

"இப்ப போய்க் குளி. தண்ணிக்குப் பயந்து ஓடுற பிள்ளையெண்டா ஏரித் தண்ணியை நக்கிப் பாத்திருக்குமோ?"

நான் குளித்தேன். தண்ணீர் சூடாக இருந்தது. அப்போதும் அழவில்லை.

கோடையில் அப்பாவுக்குப் பகல் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் இப்போது சத்தமாகக் கதைக்கலாம். ஆனால் நானும் அம்மாவும் பழக்கத்தில் இன்னும் கிசுகிசுக்கிறோம். அப்பா ரீவியைப் பார்த்தபடி, உங்க என்ன ரகசியம் என்று கேட்பார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லி, உதட்டைக் குவித்து அம்மாவைக் காட்டுவேன். ஏன் வாயைக் கோணுகிறாய் என்று அம்மா ஏசுவார். எப்போது தொற்றியது என்று தெரியவில்லை.

டப்பா அப்போதிருந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா கேட்கவில்லை. உன் அம்மா வெறும் டப்பாவைத் தரமாட்டார், அதற்குள் போட இன்னும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

இன்றைக்குப் பள்ளி விட்டதும், அந்தக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, உனக்குக் கடைசியாக எழுதிய இலக்கமுள்ள பஸ்ஸில் ஏறினேன். அது ஒரு மரக்கடையின் பின்பக்கத்தில் போய் முடிகிறது. வெட்டிய பலகை மணம். ஒரு பெரிய வெறும் வெளி, அதில் ஒரு அறிவிப்புப் பலகையும் இல்லை. வாசிக்க ஒன்றும் இல்லாததால் நின்று பார்த்தேன். நல்ல இடமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரையில் கிடந்த ஒரு சுருள் மரச்சீவலை எடுத்து, கறை உள்ள கையுறைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

பக்கக் கதவைத் திறந்தேன். குளிர் எனக்கு முன்னால் உள்ளே போனது. கீழே அம்மா அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து கதவைப் பற்றி அம்மா என்னை ஏசுவதில்லை.

"வந்தாச்சோ?"

"இன்னும் கொஞ்சம் அம்மா" என்றேன். கதவைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.